ராஜா பெயர் வராத இடம்

புது இமாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவின் குத்பா பிரசங்கத்தில் துஆப் பிரார்த்தனையை நிறுத்தாமல் ஓதிக்கொண்டே போனதும் கலீல் ரஹ்மான் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பள்ளிவாசல் முழுக்க ஒரே இருமல். பின்னே? இந்தப் பள்ளியில் வழிவழியாக துஆவின் நடுவே ஓர் இடத்தில் இமாம் இரண்டு மூச்சு நேரம் பேசாமல் நிற்பார். ஜனங்களும் அதுவரை அடக்கிவைத்த இருமலை அங்கேதான் அவிழ்த்துவிடுவார்கள். பழக்கதோஷம், இன்றைக்கு துஆவின் மேலேயே இருமிவிட்டுத் திருதிருவென விழித்தார்கள்.

தப்பு கலீலுடையதுதான். பள்ளிவாசல் செயலாளர் அவர். விழுப்புரத்திலிருந்து வந்த இமாமுக்கு மோட்டார் சுவிட்சிலிருந்து மாடிச் சாவி வரை காட்டினவர், இதைச் சொல்ல மறந்துவிட்டார். கிரிவலக் கூட்டத்தில் அவருடைய பூட்டுக்கடையில் வியாபாரம் ஜாஸ்தி. அந்தக் குஷியில் போயே போய்விட்டது.

தொழுகை முடிந்ததும் இமாமே தேடி வந்தார். "என்ன பாய், ஊருக்கே சளி புடிச்சிருக்கா?"

கலீல் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே குத்பா ஓதியவர் கலீலின் கொள்ளுத்தாத்தா, மௌலவி தாவூத் சாஹிப். துஆவில் ராஜா பெயரைச் சேர்த்து ஓத வேண்டும் என்று உத்தரவு. ஓதுகிறாரா என்று கேட்க இன்ஸ்பெக்டரே வாசலில் வந்து நின்றுவிட்டார். மௌலவி அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார். இரண்டு மூச்சு விட்டுவிட்டு மிச்சத்தை ஓதினார். ஆறு மாதம் ஜெயில். திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமையும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றார். அவருக்கு ஒரு போட்டோ கிடையாது, கல்வெட்டு கிடையாது. அவர் ஞாபகமாக இருப்பது இந்த இரண்டு மூச்சு ஒன்றுதான்.

"மார்க்கக் கிதாபுல இப்படி நிக்கணும்னு இல்லீங்களே, பாய்."

"ராஜா பேரும் கிதாபுல இல்லீங்க, ஹஜ்ரத்."

இமாம் தாடியைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வெள்ளி நிற்பாரா மாட்டாரா என்று வாரம் முழுக்கக் கலீலுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவரு நின்னா என்ன, நிக்காட்டி என்னங்க? பெரியவர அல்லாவுக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி முன்னி பேகம்.

"அவனுக்குத் தெரியும். ஜனங்களுக்குத் தெரியணுமே."

அடுத்த வெள்ளிக்கிழமை இமாம் அந்த இடத்துக்கு வந்தார். நின்றார். இருமுகிறவர்கள் இருமினார்கள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. இனி ஓதுவார் என்று பார்த்தால் ஓதவில்லை. மூன்று, நான்கு. இருமல் ஓய்ந்து எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கைத்தடியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இறுகியிருந்தன. கண்கள் எல்லார் தலைக்கும் மேலாக வாசலைப் பார்த்தன, அங்கே அந்த இன்ஸ்பெக்டரே காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. கலீலுக்குச் சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது. வரிசை வரிசையாகத் தலைகள் வாசல் பக்கம் திரும்பின. கலீலும் திரும்பினார், மார்பை நிமிர்த்திக்கொண்டு. வாசலில் வெயில் மட்டும் நின்றிருந்தது.