முறத்துத் தலைக்குச் சொந்தக்காரர்

செல்லியம்மாள் தன் தலையைத் தானே முறத்தில் ஏந்தி நின்ற படம், ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் துரைக்கண்ணு ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டியில் மூன்று நாள் தொங்கியது. நாலாம் நாள் ஊர் கூடியது. எழுபத்தொன்பதாம் வருஷம், சாமை அறுப்பு முடிந்து எல்லாருக்கும் நேரம் இருந்த மாதம்.

படத்தில் சேலை கட்டிய செல்லி நிற்கிறாள். கையில் முறம். முறத்தில் சாமைக்குப் பதில் ஓர் ஆண் தலை: தலைப்பாகை, முறுக்கு மீசை, வெட்டுப்பட்ட வருத்தம் துளியும் இல்லாத முகம். அதுவும் அவள்தான். படம் கழுவும் மருந்து வாங்க துரைக்கண்ணு மலையை விட்டுக் கீழே இறங்கிய நாளில், கறுப்புத் திரைக்கு முன்னால் சேலையோடு நின்று ஒரு தடவை எடுத்தாள். பிலிமைச் சுற்றாமல், கழுத்துவரை கறுப்புப் போர்வை போர்த்தி, மையால் மீசை வரைந்து அதன்மேலேயே இன்னொரு தடவை எடுத்தாள். அந்த ஸ்டூடியோவில் வேலைக்கிருந்து, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படங்கள் நிறைய எடுத்தவள் அவள். அத்தனையிலும் பெண்கள் தலை குனிந்திருந்தார்கள். தன் படத்தில் ஒரு தலையாவது நிமிர்ந்திருக்கட்டுமே என்று நினைத்தாள்.

ஊர்க்கவுண்டர் ரங்கனுக்கு இந்த வித்தை தெரியாது. அவர் முறைப்படி விசாரித்தார். ஊர் ஆண்களின் தலைகள் அவரவர் கழுத்தில் இருக்கின்றனவா என்று ஆள் விட்டுப் பார்த்தார். இருந்தன. ஆகவே தலை வெளியூரானுடையது. உயிரோடிருந்தால் கூட்டத்துக்கு வந்து பதில் சொல்லட்டும் என்று ஸ்டூடியோவுக்குச் சொல்லி அனுப்பினார்.

கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. குற்றம் பெண்ணுடையது என்றால் அவள் வேலிக்கு வெளியே நிற்பாள். அவள் வீட்டு ஆண் அவளுக்காகப் பேசுவான். அப்பா இல்லாத செல்லிக்கு மாமா சின்னராசு பேசுவதாக ஏற்பாடு. அவர் என்ன பேசுவார் என்பதும் ஏற்பாடுதான்: படத்தைக் கிழித்துவிடுவது, செல்லி இனி ஸ்டூடியோ படி ஏறாமல் இருப்பது. படம் போனால் இன்னொன்று எடுக்கலாம். கேமரா போனால் எதைக் கொண்டு எடுப்பது என்று யோசித்தாள் செல்லி.

புளியமரத்தடியில் ஆண்கள் அமர்ந்தபோது வேட்டி, ஸ்டூடியோக் கோட்டு, தலைப்பாகை, மீசையோடு ஒருவர் வந்து நடுவில் சம்மணம் போட்டார்.

"யாருப்பா நீ?" என்றார் ரங்கன்.

"தலைக்குச் சொந்தக்காரன்."

ரங்கன் குனிந்து வந்தவர் கழுத்தைப் பார்த்தார். "வெட்டுன தழும்பே இல்லியே."

"நல்லா ஒட்டிக்கிச்சுங்க."

சின்னராசுதான் முதலில் கண்டுகொண்டார். "ஏ செல்லி, இன்னா கூத்துடி இது? எழுந்து வேலிக்கு அப்பால போய் நில்லு."

"செல்லிதான் மாமா அங்க நிக்கணும். என்னிய இங்க வரச்சொல்லி ஆள் வந்துச்சு."

"மீசைய வரஞ்சிக்கினா ஆம்பளயா?"

"எனக்கு இன்னா தெரியும்? ஆம்பளத் தலைன்னு ஊரெல்லாம் எண்ணிப் பாத்தது கவுண்டருதான்."

வேலிக்கு வெளியே ஒரு பெண் சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

ரங்கன் தொண்டையைச் செருமினார். "பெரியப்பன் கேக்கறேன். நீ பொண்ணா, ஆணா? ஒண்ணு சொல்லு."

"ரெண்டும் படத்துல இருக்குது பெரியப்பா. ஒண்ணு நிக்குது, ஒண்ணு முறத்துல கீது. எத எடுத்துட்டாலும் படம் பாழ்."

"படத்த கிழிக்கச் சொன்னா?"

"செல்லி வூட்டு ஆம்பளைய கேளுங்க."

"அது யாரு?"

"நான்தான். கிழிக்க ஒப்புதல் இல்லீங்க. செல்லி நாளைக்கும் ஸ்டூடியோவுக்குப் போவா."

முறைப்படி பெண் வீட்டு ஆணின் பதில் வந்துவிட்டது. அதைத் தள்ள வேண்டுமானால் பேசியவர் ஆண் இல்லை என்று முதலில் தீர்ப்பாக வேண்டும். அப்படித் தீர்ப்பானால், ஒரு பெண் இவ்வளவு நேரம் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து பேசினாள் என்றும், கவுண்டர் அவளைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கினார் என்றும் ஆகும். ரங்கன் இரண்டையும் யோசித்துப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது என்று சொல்லி எழுந்தார்.

கடைத்தெருவுக்கு நடந்து வருவதற்குள் வியர்வை அவளுடைய வலப்பக்க மீசையை அழித்திருந்தது. துரைக்கண்ணு துண்டை நீட்டினார். "தொடச்சிக்கம்மா. ஜனங்க பாக்கறாங்க."

செல்லி கண்ணாடியில் பார்த்தாள். இடப்பக்கம் முறுக்கியபடியே இருந்தது.

"பாக்கட்டும்ணே," என்று கறுப்புத் திரையை இழுத்துவிட்டாள். "பிலிம் இன்னும் எத்தினி கீது?"