நாடிக்கட்டு

"இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு முனீஸ்வரி. ஒடம்பு வெறைக்கிறதுக்குள்ள கட்டலைன்னா வாய் தொறந்துக்கிரும்" என்றாள் பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள்.

முனீஸ்வரி தன் அக்கா அன்னத்தாயின் மோவாய்க்கு அடியில் வெள்ளைத் துணியைக் கொடுத்து, இரண்டு காதையும் மூடினாற்போல் மேலே இழுத்து, உச்சந்தலையில் முடிந்து நாடிக்கட்டுப் போட்டாள். இருபது வருசமாக வளையல் கடை வைத்திருப்பவள். அடுத்தவர் உடம்பு நோகாமல் இறுக்கவும் தளர்த்தவும் அந்தக் கைக்குத் தெரியும். துணி இறுகியதும் அன்னத்தாயின் கன்னம் இரண்டும் மேலே ஏறி, வாய் பொருந்தி, அவள் ஏதோ குறும்பு செய்துவிட்டு நல்ல பிள்ளையாகப் படுத்திருப்பதுபோல் ஆகிவிட்டது. அதைப் பார்த்ததும் முனீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அன்னத்தாய், "நெஞ்சு என்னமோ அடைக்குதுடா" என்று மகன் ராஜபாண்டியிடம் சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சின்னமனூரில் கடையைத் திறந்துகொண்டிருந்த முனீஸ்வரிக்குச் செய்தி போய், குமுளிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பவிருந்த அவள் கணவர் சுருளிவேல் ஆட்களை இறக்கிவிட்டு ஜீப்பைத் திருப்பி, இருவரும் கம்பத்தில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தலுக்குக் கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் முனீஸ்வரியைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுதுவிட்டு விலகும்போது அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். அந்த முகம் என்றைக்கும் போலத்தான் இருந்தது. அதுதான் முனீஸ்வரியின் கஷ்டமே.

ஒரு காலத்தில் பூரித்த கன்னமும் ஆளுமாக இருந்தவள்தான். நாற்பதைத் தாண்டிச் சர்க்கரை வந்து உடம்பு இளைத்தபோது, சதை போன இடத்தில் தோல் மட்டும் தங்கிவிட்டது. கன்னம் தாடைக்கு இறங்கி, வாயின் இரண்டு ஓரமும் கீழே இழுபட்டு, கழுத்தில் தோல் மடிந்து, எந்நேரமும் அப்போதுதான் அழுது ஓய்ந்தவள் மாதிரி ஒரு முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளே இருக்கிற ஆளோ நேர் எதிர். ஒரு சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. என்ன செய்ய, அவள் சிரித்தால் பார்க்கிறவர்கள், "ஏன், என்னாச்சு, மேலுக்கு முடியலையா?" என்று கையைப் பிடித்தார்கள்.

அதையும் சிரித்துத்தான் தள்ளிக்கொண்டிருந்தாள். போன தை மாதம் ஒரு வளைகாப்புக்கு வளையல் அடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மணையில் இருந்த பெண்ணின் கையைப் பிடித்து முதல் வளையலை ஏற்றப் போகும்போது, அந்தப் பெண்ணின் மாமியார் வந்து வளையல் பெட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "நீங்க அங்கன உக்காருங்க. எங்க ஆளுகளே போட்டுக்கிருவாக. நல்ல காரியத்துல மூஞ்சி இப்பிடி இருந்தா பிள்ளைத்தாச்சி பயந்துருவா" என்றாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் எல்லாம், வளையலை மட்டும் கொடுத்துவிடச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் முனீஸ்வரி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உண்மையாகவே அழுதாள். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

விஷயத்தைக் கேட்டவுடன் அன்னத்தாய் சும்மா இருக்கவில்லை. மதுரையில் முகத்தோலை இழுத்துத் தைக்கிற டாக்டரம்மா ஒருத்தர் இருக்கிறார் என்று யாரிடமோ விசாரித்துவிட்டு, தங்கையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

டாக்டரம்மா எதையும் மூடி மறைக்கவில்லை. காதுக்கு முன்னாலும் பின்னாலும் கத்தி வைத்து, உள்ளே தொய்ந்திருப்பதைத் தூக்கிக் கட்டி, மிஞ்சுகிற தோலை வெட்டித் தைப்பது. தழும்பு முடிக்குள்ளும் காதோரத்திலும் மறைந்துகொள்ளும், ஆனால் இல்லாமல் போகாது. சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் வந்தால்தான் மேஜையில் ஏற்றுவேன். இரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லணும். இரண்டு வாரம் முகம் வீங்கி, நீலம் பாரித்து, கண்ணாடியைப் பார்க்கவே பயமாக இருக்கும். காது மாசக்கணக்கில் மரத்துக் கிடக்கலாம், தோடு போடும்போது கவனம். ஒருசிலருக்கு முக நரம்பு சுணங்கிப்போவதும் உண்டு. இவ்வளவும் பட்டாலும் வயசு நின்றுவிடாது, அது பாட்டுக்குப் போகும்.

"எல்லாம் கேட்டாச்சு. இப்ப நீங்க சொல்லுங்க, எதுக்காகப் பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"நான் சிரிச்சா சிரிக்கிறேன்னு அடுத்தவுகளுக்குத் தெரியணும்" என்றாள் முனீஸ்வரி.

டாக்டரம்மா அவள் வாயோரத்தை விரலால் மேலே தூக்கிப் பார்த்தார். "தொங்குறதைத் தூக்கலாம்மா. வாயோரக் கோடு கொஞ்சம் குறையும். முழுசா மாறிரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். அவ்வளவு போதும்னா தேதி குறிப்போம். துணைக்கு வீட்டு ஆளு ஒருத்தர் கூட இருக்கணும், தனியா வந்தா நான் கத்தியைத் தொடமாட்டேன். அப்புறம், உங்க பழைய போட்டோ ஒண்ணு கொண்டுவாங்க. உங்க மூஞ்சி முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்."

"போட்டோ எங்கிட்ட இருக்கு. தொணைக்கும் நான் இருக்கேன்" என்றாள் அன்னத்தாய், கேட்டவுடனே.

அறுவை முடிந்ததும் நாடியோடு சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டுப் போடுவார்கள் என்று அங்கே ஒரு படத்தைக் காட்டியிருந்தார்கள். அன்னத்தாய்க்கு அது போதாதா? திரும்பி வரும்போது ஓடுகிற பஸ்ஸில், துண்டை எடுத்துத் தன் நாடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிந்துகொண்டு, கண்ணை மேலே சொருகி, நாக்கை ஓரமாகத் தொங்கப் போட்டாள். "இப்பிடித்தான்டி ஒன்னைய வச்சிருப்பாக. ஒம் புருசன் பாத்துட்டு ஒப்பாரி வைக்கப்போறாரு." முனீஸ்வரி சிரித்த சிரிப்பில் முன் சீட்டுப் பெண் திரும்பி, "அழுகாதீகம்மா, எல்லாஞ் சரியாகும்" என்றாள். அதற்கு அக்காளும் தங்கையும் இன்னும் சிரித்தார்கள்.

அதே வித்தையைச் சின்னமனூரில் சுருளிவேல் முன்னாலும் அன்னத்தாய் செய்து காட்டியதுதான் வினையாகப் போயிற்று. மலைப்பாதையில் எந்த வளைவுக்கும் அஞ்சாத மனுசன், பூனை குறுக்கே போனால் ஜீப்பை நிறுத்திவிட்டு ஒரு பீடி குடித்து முடித்துத்தான் கிளம்புவார். சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "உசுரோட இருக்கவளுக்கு நாடிக்கட்டா? அதப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருக்கணுமா? போறதுன்னா ஒங்க அக்காவக் கூட்டிக்கிட்டுப் போ. என்னையக் கூப்பிடாத" என்றார். அதோடு அந்தப் பேச்சு வீட்டில் நின்றுபோனது. டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதி மட்டும் காலண்டரில் வட்டம் போட்டபடி கிடந்தது.

இப்போது அந்த அக்காதான் நாடிக்கட்டோடு படுத்திருக்கிறாள்.

"அக்கா செத்தது இவளுக்கு ஒறைக்கவே இல்ல போல. எப்பவும் போலத்தான் இருக்கா" என்று பின்னால் யாரோ சன்னமாகச் சொன்னது முனீஸ்வரிக்குக் கேட்டது. உறைக்காமல் என்ன? நெஞ்சுக்கூடு முழுவதும் உறைத்தது. ஊரில் எத்தனையோ பேர் இருக்க, அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்கிற ஒரே ஒரு ஆள் இருந்தாள். அந்த ஆள் போன பிறகு இந்த முகத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போவது?

மத்தியானம் நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவந்து குளிப்பாட்டி, பிறந்த வீட்டுக் கோடித்துணி போர்த்தி, கொட்டு முழங்கப் பாடையைத் தூக்கினார்கள். சுருளிவேல் முன்தோள் கொடுத்தார். பெண்கள் தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டே பின்னால் போனார்கள். அதற்குமேல் பெண்கள் போவதில்லை.

தெருமுனையில் இரண்டு சவுக்குக் கம்புக்கு நடுவில் பிளெக்ஸ் கட்டியிருந்தது. 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய எழுத்து, அடியில் 'அன்னத்தாய் அம்மாள்' என்று பெயர், நடுவில் படம். முனீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

படத்தில் இருந்தது அவள்.

இருபத்தைந்து வருசத்துக்கு முன்பு, வீரபாண்டித் திருவிழாவில் திரைச்சீலைக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்த படம். போட்டோக்காரர், "கொஞ்சம் சிரிங்க" என்று எவ்வளவோ சொல்லியும் விறைத்துக்கொண்டு நின்றவளை, அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு மூக்கை நசுக்கி, கண்ணை ஒன்றரையாக்கிச் சிரிக்க வைத்தது அன்னத்தாய். வாய்கொள்ளாத அந்தச் சிரிப்புத்தான் இப்போது கதவு அகலத்துக்குத் தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவிடம் கொடுப்பதற்காக அன்னத்தாய் தன் மஞ்சள் பையில் எடுத்து வைத்திருந்ததை, ராஜபாண்டி அம்மாவின் சின்ன வயசுப் படமென்று நினைத்து பிளெக்ஸ்காரரிடம் கொடுத்துவிட்டான். ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சாயல் இருக்கத்தான் செய்யும்.

"எம்புட்டு அழகாச் சிரிக்கிறா பாரு அன்னத்தாயி. இப்பிடி ஒரு மொகம் யாருக்கு வரும்!" என்று கருத்தம்மாள் படத்தைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள். கூட நின்ற பெண்களும் ஆமாமென்று கண்ணைத் துடைத்தார்கள். படத்துக்கு நேர் கீழே முனீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை பார்க்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.

தாயைப் பறிகொடுத்துவிட்டு நெருப்புச் சட்டியோடு போய்க்கொண்டிருப்பவனிடம், அது உன் அம்மா இல்லையடா என்று எப்படிச் சொல்வது? முனீஸ்வரி திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து, தலைக்குக் குளித்து, மற்றப் பெண்களோடு சேர்ந்து வாசலைக் கழுவிவிட்டாள்.

சாயங்காலம் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது ஆண்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பினார்கள். சுருளிவேல் மட்டும் வரவில்லை. மாற்று வேட்டி ஜீப்பில் கிடப்பது ஞாபகம் வந்து, முனீஸ்வரி தெருமுனைக்குப் போனாள். ஜீப் பிளெக்ஸ் ஓரமாகத்தான் நின்றது. அவர் ஜீப்பின் மட்கார்டில் சாய்ந்துகொண்டு, பற்றவைக்காத பீடியைக் கையில் வைத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீரபாண்டித் திருவிழால எடுத்ததுதான?" என்றார், அவள் பக்கம் திரும்பாமல்.

முனீஸ்வரி அவர் பக்கத்தில் போய் நின்றாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சா?"

"எனக்குத் தெரியாமலா? அந்தச் சேலை நான் எடுத்துக் குடுத்ததுல்ல." பீடியைச் சட்டைப்பையில் போடப்போய், சட்டை இல்லாதது தெரிந்து காதில் சொருகிக்கொண்டார். "பாடையத் தூக்கிக்கிட்டு முனைக்கு வந்து நிமிந்து பாக்குறேன், கண்ணீர் அஞ்சலின்னு போட்டு நீ சிரிச்சுக்கிட்டு இருக்க. தோள்ல கெடக்குறது ஒங்க அக்காதானான்னு ஒரு நிமிசம் எனக்குச் சந்தேகமாப் போச்சு. காடு போய்ச் சேர்ற வரைக்கும் ஏங் கால் தரையில பாவல, முனீஸ்வரி."

அவர் கண் கலங்கியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் அதைப் பார்த்தது கிடையாது.

"மாத்தச் சொல்லவா? ராஜபாண்டிகிட்ட நாளைக்குச் சொல்லிக்கிரலாம்" என்றாள்.

"வேணாம். எல்லாரும் கும்புட்டாச்சு. அந்தப் பயல எதுக்கு நோகடிக்க?" என்றார். பிறகு வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "அந்த மதுர டாக்டரம்மா குடுத்த தேதி கருமாதிக்கு முந்தியா, பிந்தியா?"

"பிந்தித்தான்."

"சர்க்கர கட்டுக்குள்ள இருக்கணும்னு சொன்னாகளே, பாத்தியா?"

"கொறைஞ்சுருக்கு. ஆனா அக்கா இல்லாம..."

"அக்கா இல்லைன்னா நான் இல்லையா? அன்னைக்கு வண்டிய நிப்பாட்டிட்டு வாரேன்."

"நாடிக்கட்டுப் போடுவாகளே."

"போடட்டும்." சுருளிவேல் பிளெக்ஸைக் கையால் காட்டினார். "ஒம் மூஞ்சியப் போட்டுக் கண்ணீர் அஞ்சலின்னு கம்பம் முழுக்கச் சொல்லியாச்சு. அப்பவும் நீ வேட்டி எடுக்க வந்து நிக்கிற. இனி அந்தக் கட்டா ஒன்னையக் கொண்டுபோயிரப் போகுது?"

முனீஸ்வரிக்கு, அன்னத்தாய் இதைக் கேட்டிருந்தால் பஸ்ஸில் செய்த மாதிரி நாக்கைத் தொங்கப் போட்டிருப்பாள் என்று தோன்றியது. தோன்றியவுடன் அடிவயிற்றிலிருந்து அது கிளம்பி வந்துவிட்டது. இழவு நாளில் இப்படியா என்று பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. தெருவில் போன ஒரு அம்மாள் அவள் முகத்தைப் பார்த்து, "பாவம், கூடப் பெறந்தவ" என்று உச்சுக் கொட்டிக்கொண்டே கடந்து போனாள்.

சுருளிவேல் சட்டென்று ஜீப்பை விட்டு விலகி, தெரு அவளைப் பார்க்க முடியாதபடி முன்னால் வந்து நின்றார்.

"ஏய், சிரிக்காதடி" என்றார் தாழ்ந்த குரலில். "யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாக?"

முனீஸ்வரி முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.