உள்பக்கத் தேய்மானம்

ஸ்டைலுக்காகக் காரை இரண்டு அங்குலம் கீழே இறக்கிய பிறகு தண்டபாணி வீட்டில் எல்லோருக்கும் உள்பக்கம் தேய ஆரம்பித்தது. டயர்களும் அப்படித்தான் தேய்ந்தன. வெளியே நின்று பார்த்தால் டயரும் புதிது, குடும்பமும் புதிது. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தால்தான் வழுக்கை தெரியும்.

மனைவி பூங்கொடி வாசலில் பக்கத்து வீட்டாரோடு நன்றாகச் சிரிப்பாள். உள்ளே வந்ததும் சிரிப்பு பாதியில் தீர்ந்துவிடும். மகள் தர்ஷினி சொல்ல வந்தது கடைசிச் சொல்லுக்கு முன்னாலேயே தேய்ந்துபோகும். மாமனார் ஆறுச்சாமி ஏற்கனவே பேசாத மனிதர். அவரிடம் என்ன தேய்ந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தண்டபாணிக்கு டயர்களைப் பற்றித்தான் முதலில் கவலை வந்தது. கெட்டவன் இல்லை, அப்படி ஒரு சுபாவம். ஞாயிற்றுக்கிழமை நால்வரும் காரில் ஏறி, பொள்ளாச்சி ரோட்டில் இருந்த வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனார்கள்.

மெக்கானிக் டேனியல் குழிக்குள் இறங்கினான். வண்டி தாழ்ந்திருந்ததால் அவன் இன்னும் ஆழமாக இறங்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் குரல் அடுத்த தெருவிலிருந்து வந்தது.

"ஸ்பிரிங் மாத்தி இறக்குனப்புறம் அலைன்மென்ட் பாத்தீங்களாண்ணா?"

"இல்லீங்க. நேரா போட்டோ எடுக்கப் போயிட்டோம்."

"எல்லாரும் அதத்தான் பண்றாங்க."

மேலே வந்தவன் டயரின் உள்பக்கத்தை உள்ளங்கையால் இப்படியும் அப்படியும் தடவினான். போகும்போது வழவழப்பாக இருந்தது. திரும்பும்போது அரம் மாதிரி பிடித்தது. பிறகு அதே கையைத் தண்டபாணியின் சட்டைக்குள் விட்டு விலாவையும் அதேபோல் தடவினான். தண்டபாணிக்குக் கூசியது. சிரிப்பது மரியாதையாக இருக்காது என்று அடக்கிக்கொண்டான்.

"வண்டி இறங்குனா சக்கரத்தோட தலை உள்ள சாயும். அதுல மெதுவாத்தான் தேயும். உங்களுக்கு ரெண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் வேற பாக்குது. அதான் இப்படிச் சீவி எடுத்திருக்கு," என்றான் டேனியல்.

"சரி பண்ணீரலாமுங்களா?"

"பார்வைய நேர் பண்ணீரலாம். சாய்வு போகாது, அதுக்கு இந்த வண்டில போல்ட் கிடையாது. ஒண்ணு வண்டியப் பழையபடி ஏத்தோணும். இல்லாட்டி ஆளை இடம் மாத்திப் போடோணும்."

"ஏத்திருங்க," என்றாள் பூங்கொடி.

"ஆமாப்பா, பேசாம வண்டிய..." என்றாள் தர்ஷினி. கடைசிச் சொல் வரவில்லை.

தண்டபாணி யோசித்தான். இறக்கிய வண்டியை எவனாவது ஏற்றுவானா? பேக்கரி முன்னால் நிறுத்தினால், டீ குடிக்கிறவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். ஏற்றிவிட்டு நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

"இடம் மாத்திப் போடுங்க," என்றான்.

அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டான். தன்னைப் பின் சீட்டுக்கு மாற்றுவார்கள் என்று நினைத்திருந்தான்.

டேனியல் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினான். ஜாக்கிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் சுருண்டு படுத்திருந்தான். கன்னத்தில் புது டயருக்கு இருக்கும் ரப்பர் முடிகள் உதிராமல் இருந்தன. தன் பெயர் ஜெயசீலன் என்று சொல்லிக்கொண்டே இறங்கிச் சட்டையைத் தட்டிவிட்டான்.

"வண்டி வாங்குனதுல இருந்து உள்ளயேவா இருக்கீங்க?" என்று கேட்டாள் பூங்கொடி.

"ஆமாங்க. ஊட்டி போனப்பவும் இருந்தேன். அன்னிக்கு நீங்க பாடுனது நல்லா இருந்துச்சு."

பூங்கொடி சிரித்தாள். காருக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகும் அந்தச் சிரிப்பு தீரவில்லை.

"டிரைவர் பக்கந்தான் ரொம்பப் போயிருக்கு, கம்பியே தெரியுது. நீங்க இனி ஸ்டெப்னிண்ணா," என்றான் டேனியல்.

"நானுங்க அந்தப் புள்ளைக்கு அப்பன்."

"அது சீட்டோட பேருங்க. ஆளோட பேரு இல்ல."

தண்டபாணி மாமனார் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எனக்கு எங்க உக்காந்தாலும் சரிங்க மாப்ள," என்றார் ஆறுச்சாமி. ஆனால் அதை அவர் ஜெயசீலனைப் பார்த்துச் சொன்னார்.

தண்டபாணி டிக்கிக்குள் படுத்தான். அளவெடுத்துச் செய்ததுபோல் இடம் சரியாக இருந்தது. விரிப்பைப் போடும்போது டேனியல் ஆறுதலாக ஒன்று சொன்னான்.

"நாலு பேருல யாருக்காச்சும் பஞ்சர் ஆச்சுன்னா உங்களத்தாண்ணா எடுப்பாங்க."

வண்டி கிளம்பியது. உள்ளே இருட்டு, ரப்பர் வாசனை. முன்னால் பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, பைபாஸ்ல போனா சீக்கிரம் போயிரலாம்," என்றாள் தர்ஷினி. வாக்கியம் முழுசாக இருந்தது.

"சரி சாமி," என்றான் ஜெயசீலன்.

தண்டபாணிக்கு அழுகை வந்தது. அழுதான். அழுது முடித்ததும் டேனியல் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் போதும், வெளியே எடுத்துவிடுவார்கள். மருதமலை முருகனை வேண்டிக்கொள்ளத் தொடங்கினான். யாருக்கு என்று முருகனிடம் சொல்ல வேண்டியிருந்தது.

பூங்கொடியின் பெயரைத் தொடங்கிப் பாதியிலேயே விழுங்கிவிட்டான். மகளின் பெயர் மனதில் வருமுன்பே நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமனாரைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தான். பாவம், எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருகிற மனிதர். வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

மிச்சம் ஜெயசீலன். அது நல்ல யோசனையாக இருந்தது. ஆனால் வண்டி பைபாஸில் ஏறிவிட்டது. ஸ்டீயரிங் அந்த ஆளின் கையில் இருந்தது. அவனுக்கு ஒன்று ஆனால் மற்ற மூவருக்கும் ஆகும்.

"முருகா, அந்த ஆளுக்கு ஒரு ஆணிகூடக் குத்தக் கூடாது," என்றான் தண்டபாணி. டிக்கிக்குள் கைகூப்ப இடமில்லை. வண்டி வேகம் எடுத்தது. அவன் வேண்டுவதை நிறுத்தவில்லை.