உடைமரத்துக்கு ஒரு சான்றிதழ்

சண்முகசுந்தரி அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது சமையலறையில் நின்றுகொண்டுதான். ஒரு கையில் தோசைக்கரண்டி இருந்தது. கணவனின் அண்ணன் குற்றாலீஸ்வரன் செல்போனில் இரண்டு படம் காட்டினார். வெயிலில் வெளிறிப்போன முள்புதர் தெரிந்தது.

"எல்லாம் சீமைக்கருவேலம்தாம்மா. காலேஜ்ல செடிகொடி பாடம் எடுக்குதவ நீ. நீ எழுதிக் குடுத்தா கம்பெனிக்காரன் ஒத்துக்கிடுவான்."

ஆலங்குளத்துக்குக் கிழக்கே இருந்த குடும்ப நிலத்தை சோலார் கம்பெனி ஒன்று வாங்குவதாக இருந்தது. நாட்டு மரம் நிற்கும் இடத்தை மட்டும் வாங்கமாட்டோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். தோசை கருகுகிற அவசரத்தில் அவள் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து, அவள் நிலத்தில் நிற்கிற மாதிரி படமும் வேண்டும் என்றது கம்பெனி. சனிக்கிழமை காலை குற்றாலீஸ்வரன் காரில் கூட்டிப்போனார். தென்காசியில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பாவூர்சத்திரம் தாண்டியதும் வைப்பரை நிறுத்தினார். ஆலங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு துளி இல்லை. செம்மண்ணைக் காற்று வாரி இறைத்தது.

தூரத்திலேயே அவள் கார்க் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். மேட்டில் நின்ற மரங்களின் தலை எல்லாம் ஒரே மட்டமாக, விரித்துப் பிடித்த குடைபோல இருந்தது. சீமைக்கருவேலம் அப்படி நிற்காது.

இறங்கி உள்ளே போனாள். நீளமான வெள்ளை முள் இரட்டை இரட்டையாக நின்றது. அதே கொப்பில், நீள முள்ளுக்கு நடுவில், பூனை நகம்போல வளைந்த குட்டி முள்ளும் இருந்தது. காய்ந்த நெத்து நேராக இல்லாமல் சுருண்டு கிடந்தது. உடைமரம், இந்த மண்ணின் நாட்டு மரம். யாரும் நட்டதில்லை. பெரிய மரத்தடியில் கன்று, கன்றுக்குப் பக்கத்தில் போன மழைக்கு முளைத்த நாற்று என்று அந்தக் காய்ந்த மேடு முழுக்க அதன் குடும்பம்தான்.

திரும்ப முயன்றபோது துப்பட்டாவை முள் பிடித்தது. இழுத்தாள். முழங்கையையும் பிடித்தது. முடியில் ஒன்று மாட்டியது. அசைய வழியில்லை.

"இழுக்காதிய டீச்சர். வந்த வழியே பின்னால வாங்க" என்று ஒரு குரல் கேட்டது. குடும்பத்துக்குப் பழக்கமான, அந்த மேட்டில் ஆடு மேய்க்கிற தங்கபுஷ்பம். தொரட்டியால் கொப்பை விலக்கி, முடியை ஒவ்வொரு இழையாக எடுத்துவிட்டாள். "ஆட்டுக்கு உடைநெத்து உலுப்ப வந்தேன். நல்லவேளை."

படத்துக்கு நிற்காமல் காரில் ஏறியதும் சண்முகசுந்தரி சொன்னாள்: "அது உடைமரம் பெரியத்தான்."

"தெரியும். எங்க அய்யா அந்த நெத்தத்தான் மாட்டுக்குப் போடுவாரு."

"தெரிஞ்சா ஏன் என்கிட்ட கையெழுத்து வாங்குனிய?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? படிச்சவ சொல்லணும்லா." அவர் குரலில் கோபம் இல்லை. "மூணு போர் போட்டும் தண்ணி இல்ல. அந்த மேட்டை வச்சு நான் என்ன செய்யட்டும், சொல்லு."

அவள் கார்க் கதவில் கையை வைத்தபடி வந்தாள். இறங்கி எங்கே போவது? அந்தக் காரும் இவளுடைய மாடி அறை இருக்கும் வீடும் அவருடையவை. வீட்டுக்கு வந்ததும், ராஜஸ்தானில் ராணுவத்தில் இருந்த கணவன் முத்துகுமரனைப் போனில் அழைத்தாள். "அண்ணன்கிட்ட மல்லுக்கு நிக்காத, நான் லீவுக்கு வந்து பேசுதேன்" என்றான். லீவு அக்டோபரில்.

சான்றிதழைத் திரும்பப் பெறுவதாகக் கம்பெனிக்கு இரண்டு நாள் கடிதம் எழுதிக் கிழித்தாள். எப்படி எழுதினாலும் முதல் வரியில் அவள் எழுதிய பொய்தான் நின்றது. திங்கள்கிழமை பஸ் ஏறி, ஆலங்குளத்தில் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த ஆபீசில் கடிதத்தை நேரில் கொடுத்தாள். அங்கிருந்த இசக்கிமணி என்பவர் இரண்டு தரம் படித்தார்.

"அப்ப மொத சர்டிபிகேட் பொய்யா மேடம்?"

"ஆமா. மரத்தைப் பாக்காம எழுதுனேன்."

"இதை உங்க காலேஜுக்கும் அனுப்பணும். பரவாயில்லையா?"

"அனுப்புங்க."

செவ்வாய்க்கிழமை கம்பெனி ஆள் போய்ப் பார்த்தபோது மேற்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு மரம் தரையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையே குற்றாலீஸ்வரன் ஜேசிபி அனுப்பியிருக்கிறார். மரம் வெட்டிய பக்கத்தையும் சேர்த்து மேட்டைக் கம்பெனி விட்டுவிட்டது. பள்ளத்து நிலத்தை மட்டும் வாங்கிக்கொண்டது.

வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. குற்றாலீஸ்வரனின் மனைவி சங்கரேஸ்வரி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து விளக்கம் கேட்டுத் தபால் வந்தது. குற்றாலீஸ்வரன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி, மாடிப்படியில் வைத்திருந்தார். எட்டு நாளைக்குள் பதில் எழுதவேண்டும். எழுதுவதற்கு மேஜை கீழே ஹாலில் மட்டுமே இருந்தது. அங்கே அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் படியிலேயே நின்றாள். அவர் எழுந்திருப்பதாக இல்லை. பிறகு இறங்கிப் போய், எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்தாள்.