அப்பாவுக்கு ஒரு வாய்

மருந்து குடிக்க மாட்டேன் என்று மூன்றரை வயதுப் பிள்ளை முடிவெடுத்துவிட்டால், எந்தக் கொம்பனாலும் குடிக்க வைக்க முடியாது. என் மகள் சிந்து அந்த ரகம். மூக்கைப் பிடித்தால் பல்லிடுக்கு வழியாக மூச்சு விடுவாள். எப்படியோ ஊற்றிவிட்டாலும் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, நான் "சமத்து" என்று சொன்ன பிறகுதான் என் சட்டையில் துப்புவாள்.

காதில் சீழ். இரண்டு மாதத்தில் இரண்டாவது தடவை. கிள்ளானில் நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஏழு நாள். காலையில அஞ்சு எம்எல், சாயங்காலம் அஞ்சு எம்எல். ஒரு வேளைகூட விடாதீங்க. இந்தத் தடவையும் சரியாகலன்னா ஆஸ்பத்திரியில சேர்த்து ஊசியிலதான் மருந்து ஏத்தணும்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான்தான் மல்லுக்கட்டினேன். மைலோவில் கலந்தேன், ஐஸ்கிரீமில் ஒளித்தேன், கெஞ்சினேன், கத்தினேன். ஞாயிறு சாயங்காலம் கை ஓங்கிவிட்டேன். என் கணவர் முகுந்தன் குறுக்கே வந்தார்.

"விடு ஷாமினி. இந்த வாரம் லீவு போட்டிருக்கேன்ல, நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்துக் கிழிச்சீங்க."

கிழித்துத்தான் காட்டினார். நான் விடியுமுன் பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடைக்கு ரயில் ஏறினால் வீடு திரும்ப எட்டு மணியாகும். திங்கட்கிழமை வந்ததும் கேட்டேன்.

"குடிச்சாளா?"

"சத்தமே இல்ல லா. சமத்தா குடிச்சா."

பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். மட்டம் சரியாக இறங்கியிருந்தது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, தினமும் அதே பதில். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. சுமந்து பெற்றவள்மேல் துப்புவாளாம், அவரிடம் மட்டும் சமத்தாம். "ஷாமினிக்குப் பொறுமை பத்தாது" என்று போனில் யாரிடமோ பெருமை வேறு.

அடுத்த சனிக்கிழமை காலை தலை சீவும்போது பார்த்தேன். காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, காது மடலே முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. உடம்பு கொதித்தது. அப்படியே தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினோம்.

"மருந்து முழுசா குடுத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"இவரு குடுத்தாரு டாக்டர். பாட்டில் காலி."

மடியிலிருந்த சிந்து சுரத்தில்லாத குரலில் சொன்னாள். "அப்பாவுக்கு ஒரு வாய், பொம்மைக்கு ஒரு வாய், பாப்பாவுக்கு ஒரு வாய்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

முகுந்தன் தரையைப் பார்த்தபடி பேசினார். "சோறு ஊட்டுற மாதிரி சொன்னாதான் வாயத் தொறக்குறா டாக்டர். மொதல்ல நான் கொஞ்சம் குடிச்சுக் காட்டுவேன். அப்புறம் பொம்மைக்கு. மிச்சம் அவளுக்கு."

"மிச்சம்னா எவ்வளவு?"

"ஒரு எம்எல் இருக்கும்."

அந்த இடத்திலேயே அவரை நாலு அறை அறைந்திருப்பேன். மருந்தை மூன்று பங்கு போடுகிற மனுஷனை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது? ஆனால் வியாழக்கிழமை பிசுபிசுத்துக் கிடந்த பொம்மையின் வாயைத் துடைத்தவள் நான்தான். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு வேளைகூடப் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டேன். அந்தச் சண்டை என் தலையைவிட்டு இறங்கினால் போதும் என்றிருந்தேன், அதுதான் உண்மை.

மத்தியானத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. முகுந்தன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை ஏசக்கூட எனக்குத் தெம்பில்லை. தாதி அவளுடைய புறங்கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடினார்.

சிந்து ஊசியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, வேணாம்மா. பாப்பா மருந்து குடிக்கிறேன். துப்ப மாட்டேன்."

சொல்லிவிட்டு வாயை அகலமாகத் திறந்தாள். திறந்த வாயை மூடாமல் எனக்காகக் காத்திருந்தாள். தாதி கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.