நெருப்பில்லாத லாஞ்சு

தன்னைத் தானே மெச்சிக்கொள்வதில் நாகராசுவை மிஞ்ச கோட்டைப்பட்டினத்தில் இன்னொருவன் பிறந்துதான் வரவேண்டும். ஹவ்வா உம்மாளின் சரக்குப் படகான நீராவி லாஞ்சில் பன்னிரண்டு வருடம் பயர்மேனாக இருந்து பாய்லர் நெருப்பில் சவுக்குக் கட்டையை அள்ளிப் போட்டவன். "டிரைவரு சக்கரத்தைத்தான் திருப்புறாரு, லாஞ்சை ஓட்டுறது நானு" என்று டீக்கடையில் அளப்பான். டிரைவர் ஷேக் பரீதின் காதிலும் அது விழும். சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

ஐம்பத்தெட்டாம் வருடம் ஹவ்வா உம்மாள் பாய்லரைக் கழற்றி விற்றுவிட்டு டீசல் எஞ்சின் வைத்தார். புருஷன் போன பிறகு கருவாட்டு வியாபாரத்தை ஒண்டியாகக் கட்டி இழுத்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இனிமே நெருப்பு இல்ல நாகராசு. நெருப்பு இல்லாத லாஞ்சுக்கு பயர்மேன் எதுக்கு? நாளைக்குச் சரக்கை ஏத்திவிட்டுட்டு வேற எடம் பாத்துக்க."

"சரிங்கம்மா" என்றான். பக்கத்தில் நின்ற ஷேக் பரீதுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். பெண்டாட்டி செங்கமலத்திடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் வழக்கம்போல லாஞ்சு கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே துறைக்கு வந்துவிட்டான். பாய்லர் காய அவ்வளவு நேரமாகும். பாய்லரே இல்லை என்பது லாஞ்சில் ஏறிய பிறகுதான் உறைத்தது. மூட்டை தூக்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிங்கடா. புது எஞ்சினு, தொணைக்கு ஆளு வேணாமா?" என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

கருவாட்டு மூட்டைகள் ஏறின. ஷேக் பரீது ஹேண்டிலைச் சுற்றினார். எஞ்சின் இரண்டு தும்மல் தும்மிவிட்டு அடங்கியது. ஆள் மாற்றி ஆள் சுற்றிப் பார்த்தார்கள். தோள் வலித்ததுதான் மிச்சம். டேங்கில் எண்ணெய் இருந்தது, குழாயும் திறந்துதான் இருந்தது. சொல்லிக்கொடுக்க வந்த மெக்கானிக்கோ முந்தின நாள் மத்தியானமே பஸ் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு பரீது தனியாக ஒரு சுற்று ஓட்டிவந்து நிறுத்தியதுதான். கடல் தண்ணீர் வேறு வற்ற ஆரம்பித்தது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் லாஞ்சு சேற்றில் உட்கார்ந்துவிடும். ஹவ்வா உம்மாள் துறையில் நின்று முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

நாகராசு பரீதின் காதருகே குனிந்தான். "அண்ணே, நேத்து எஞ்சினை எப்படி நிறுத்துனீங்க?"

"எப்பவும் போலத்தான். டேங்குக் குழாயை மூடுனேன்" என்றவருக்குப் பாதியிலேயே முகம் வெளுத்தது.

நீராவி எஞ்சினை நீராவிக் குழாயை மூடித்தான் நிறுத்துவார்கள். டீசலுக்கென்று தனி லீவரை மெக்கானிக் காட்டியிருந்தான். பழகிய கை குழாய்க்குப் போய்விட்டது. குழாயை மூடியதும், அதில் மிச்சமிருந்த எண்ணெயை எஞ்சின் குடித்துத் தீர்த்துவிட்டு, அந்த இடத்தில் காற்றை வாங்கிக்கொண்டது.

பாய்லருக்குத் தண்ணீர் இழுக்கும் பம்பிலும் இதே காற்று புகுந்து நாகராசுவைப் படாதபாடு படுத்தியிருக்கிறது. ஸ்பானரை எடுத்துக் குழாய் நட்டுகளை இளக்கினான். ஹேண்டிலை மெல்லச் சுற்றச் சொன்னான். நுரை நுரையாக வந்தது. நுரை அடங்கி எண்ணெய் தெளிவாக வழிந்ததும் இறுக்கினான்.

"இப்பச் சுத்துங்க."

இரண்டாவது சுற்றில் எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது.

"என்னடா ஆச்சு அதுக்கு?" என்றார் ஹவ்வா உம்மாள்.

"குழாய்க்குள்ள காத்து பூந்துருச்சும்மா."

"எப்படிப் பூந்துச்சு?"

உள்ளதைச் சொன்னால் பரீதின் இடமே அவனுக்குக் கிடைக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருடம் இருவரும் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். "புது எஞ்சினுல்லம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றான்.

"இல்ல லாத்தா" என்றார் பரீது சத்தமாக. "நீராவி ஞாபகத்துல நான்தான் குழாயை மூடிப்புட்டேன். இவன் இல்லாட்டி லாஞ்சு இன்னிக்குச் சேத்துலதான். இவன எறக்குனா நானும் எறங்கிக்கிறேன்."

ஹவ்வா உம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நெருப்புக்குத்தான் ஆளு வேணாமுன்னேன். எஞ்சினுக்கு வேணாமுன்னா சொன்னேன்? தண்ணி வத்துது, கெளம்புங்க."

கயிற்றைச் சுருட்டும்போதே நாகராசு கரையில் நின்றவர்களைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டான். "டிரைவரு சக்கரத்தைத்தான் திருப்புறாரு..."

மீதியைப் பரீதே சொல்லி முடித்தார்.

"லாஞ்சை ஓட்டுறது இவன்தான்."