பட்டப்பகலில் சாத்திய நடை

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க எல்லாரும், காத்து வரட்டும்!" என்று சென்னியம்மாள் அதட்டினாள்.

தம்பிதுரையின் தலை அவள் மடியில் கிடந்தது. முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். கிரேக்க நாட்டில், கடலைப் பார்த்த குன்றின்மேல், இடிந்த பழங்கோயில் ஒன்றின் தூண்களுக்கு நடுவே உச்சிவெயில் கொளுத்தியது.

உடுமலைப்பேட்டையில் பம்புசெட் கடை வைத்திருக்கும் மனுசனுக்கு அங்கே என்ன வேலை? 1996இல் அதிகப் பம்பு விற்ற டீலர்களைக் கம்பெனி ஜோடி ஜோடியாக விமானம் ஏற்றியது. தம்பிதுரை நாலு மாசமாக ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அரைமணி முன்னால்கூட அந்த வாய் ஓயவில்லை. கூட்டிவந்த கம்பெனி ஆள் வேங்கடசாமியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, சாமி எங்கீங்க?"

"சாமியெல்லாம் எப்பவோ போயிருச்சுங்ணா. தூணு மட்டுந்தான்."

"கூரையுமில்ல, சாமியுமில்ல. இதுக்கு டிக்கெட் வேற! நம்மள விட நல்லா ஏவாரம் பண்றானுங்க போங்க."

சொல்லிச் சிரித்தபடி, விழுந்துகிடந்த கல்லொன்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

"மயக்கந்தானுங்க," என்றாள் சென்னியம்மாள், மூன்றாவது தடவையாக. "காலைல ரெண்டு ரொட்டி தின்னாரு. அது இவுருக்கு எந்த மூலைக்கு?"

கருமத்தம்பட்டி டீலர் ரசாக் அவர் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, வேர்வை வழிய எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆம்புலன்ஸில் வந்த இருவர் மண்டியிட்டு என்னென்னவோ செய்தார்கள். பிறகு பையை மூடினார்கள். ஒருவன் வேங்கடசாமியிடம் மெதுவாக ஏதோ சொன்னான்.

"என்னங்க சொல்றாங்க?"

வேங்கடசாமி தண்ணி பாட்டிலை நீட்டினார். "அக்கா... கொஞ்சம் தண்ணி குடிங்கக்கா."

"எனக்கெதுக்குத் தண்ணி? அவுருக்குக் குடுங்க!"

கூட வந்த நாற்பது பேரில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஒருத்தருக்கும் நா எழவில்லை. சென்னியம்மாளுக்கு அதுவே போதுமாயிருந்தது. யாரும் சொல்லாதவரை ஒன்றும் ஆகிவிடவில்லை. அவள் இன்னும் வேகமாக விசிறினாள்.

அப்போதுதான் காவல்காரர்கள் விசில் ஊதினார்கள். கேமராவும் தொப்பியுமாய் நின்ற வெள்ளைக்காரர்களை ஒவ்வொருவராய் வெளியே அனுப்பினார்கள். கடைசி ஆள் போனதும், சரிவின் கீழே ஒரு வயசாளி இரும்புக் கதவை இழுக்கத் தொடங்கினார்.

சென்னியம்மாளின் கை நின்றுபோனது.

உடுமலையில் அவர்கள் வீதியில் ஒரு உயிர் போனால், உடலை எடுக்கும்வரை மாரியம்மன் கோயில் நடை சாத்தித்தான் கிடக்கும். பட்டப்பகலில் நடை சாத்தியிருப்பதைப் பார்த்தால், ஏன் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். யாருங்க என்றுதான் கேட்பார்கள். எத்தனையோ தடவை பூக்கூடையோடு போய், அப்படிக் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

அட கடவுளே! பாஷை தெரியாத ஊரில், இதைப் போய் இவர்கள் எங்கே கற்றார்கள்?

"அண்ணா, தலையக் கொஞ்சம் புடிச்சுக்குங்க," என்று ரசாக்கிடம் சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள். சரளைக்கல்லில் வழுக்கி, விழுந்து, எழுந்து ஓடினாள். கதவைப் பூட்டுவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சாத்தாதீங்க! உள்ள ஒண்ணும் ஆகலீங்க. சும்மா மயக்கமுங்க. சாத்திப்போடாதீங்க சாமீ!"

வயசாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு வெளியே போகவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தார். இரக்கத்தோடு, ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.

அவள் போகவில்லை. கம்பியிலிருந்து கையையும் எடுக்கவில்லை. வெளியே கேமராக்காரர்கள் ஒவ்வொருவராய்த் தொப்பியைக் கழற்றினார்கள்.